நூல் கடிக்கத் தெரியாதவன்

அப்பா தையல்காரர். மதுரை புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் வரிசைகட்டி உட்கார்ந்திருந்த காலத்தில் அங்கேதான் தொழில் பழகினார். இப்போது செல்லூரில் வீட்டை ஒட்டியே ஒரு சின்னக் கடை. பள்ளிக்கூட லீவில் நானும் தம்பியும் காஜா எடுக்க, பட்டன் தைக்க உட்காருவோம். பட்டனைத் தைத்து முடிச்சுப் போட்டதும் தம்பி சட்டையைத் தூக்கி முன்பல்லில் வைப்பான். 'டிக்'கென்று ஒரு சத்தம், நூல் அறுந்துவிடும். எனக்கு அது வரவே வராது. எவ்வளவு இறுக்கிக் கடித்தாலும் நூல் பல்லுக்கு நடுவே புகுந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஈரமான நூலோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்து அப்பா "கத்திரிய எடுறா, சட்டையெல்லாம் எச்சி" என்பார். அப்புறம் கடைவாய்க்குத் தள்ளிக் கடிக்கப் பழகிக்கொண்டேன். அது ஒரு குறை என்று எனக்கும் தோன்றவில்லை, வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. சிலருக்கு விசில் வராது, சிலருக்குச் சொடக்குப் போட வராது, எனக்கு நூல் கடிக்க வராது. அவ்வளவுதான்.

எனக்குக் கீழ்த்தாடை முன்னால் நிற்கிறது, மேல்தாடை கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. வாயை மூடினால் மேல்வரிசைப் பல் கீழ்வரிசையை முன்பக்கமாக லேசாக மூட வேண்டும். எனக்குத் தலைகீழ். இன்னும் 9 நாளில் ஆபரேஷன். மேல்தாடையை வெட்டி 5 மில்லிமீட்டர் முன்னால் கொண்டு வருவார்கள். கீழ்த்தாடையைப் பிளந்து 5 மில்லிமீட்டர் பின்னால் தள்ளுவார்கள். இதற்காக 20 மாதமாகப் பல்லில் கிளிப் போட்டிருக்கிறேன். ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்கு இப்போது ஒன்றும் இல்லை, இனிமேல்தான் நடக்கப்போகிறது. இந்த 20 மாதத்தைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

இவ்வளவு பெரிய கோணல் 25 வயதுவரை எப்படி யார் கண்ணிலும் பெரிதாகப் படாமல் இருந்தது என்று யோசித்திருக்கிறேன். நம் சாப்பாட்டில் முன்பல்லுக்கு வேலையே கிடையாது. தோசையோ புரோட்டாவோ, கைதான் பிய்க்கிறது. சோற்றைப் பிசைந்து உள்ளே தள்ளினால் மிச்சத்தைக் கடைவாய் பார்த்துக்கொள்ளும். கொய்யாக்காயை அம்மா நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் போட்டுத் தருவார். மாட்டிக்கொண்டது ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். யாரோ பிறந்தநாளுக்கு பர்கர் வாங்கிக் கொடுத்தார்கள். நான் கடித்து இழுத்தால் ரொட்டி வந்தது, உள்ளே இருந்த கோழி முழுசாக ஊர்ந்து எதிர்ப்பக்கமாக மடியில் விழுந்தது. பேச்சிலும் அப்படித்தான். கீழ்ப்பல் முன்னால் இருப்பவர்களுக்கு ஆங்கில 'ஃப' சரியாக உட்காராது, மேல்பல் போய்க் கீழுதட்டைத் தொட வேண்டும் அல்லவா. நான் காஃபியைக் காப்பி என்றுதான் சொல்வேன். மதுரையில் அதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஆனால் ஒருமுறை கண்டுபிடித்தார்கள். எனக்கு 15 வயது. பல்வலிக்குப் போன இடத்தில் ஒரு கிளினிக்கில் "கிளிப் போட்டா சரியாயிடும்" என்றார்கள். அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார். ஒன்றரை வருஷம். மேல் கடைவாயிலிருந்து கீழ்க் கோரைப்பல்லுக்கு ரப்பர் மாட்டி கீழ்வரிசையைப் பின்னால் இழுத்தார்கள். முடியும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முனைக்கு முனை முட்டி நின்றன. கைகுலுக்கி அனுப்பினார்கள். எனக்கு 19 முடிவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, பழையதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. ஆண் பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை 18, 20 வயதுவரைகூட வளரும். வளர்ந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்றோ, இது பல்லின் கோளாறு அல்ல எலும்பின் கோளாறு என்றோ அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. பணம் போனது பரவாயில்லை. "நீ ஒழுங்கா ரப்பர் மாட்டல, அதான்" என்று நாலு வருஷம் வீட்டில் கேட்டேன் பாருங்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது முறை போனது ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு. தலையை ஒரு ஸ்டாண்டில் வைத்து, காதுக்குள் இரண்டு குமிழை நுழைத்து, பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெற்றியிலிருந்து மோவாய்வரை முகத்தின் ஓரக்கோடும் உள்ளே எலும்பும் ஒரே படத்தில் தெரியும். கிளிப் டாக்டர் அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தார். ஐம்பதை ஒட்டிய அம்மையார், அதிகம் பேசாதவர். கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, முன்பல்லால நூல் கடிக்க வருமா?"

நான் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். தாடை இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வளர்ந்தால் பல் சும்மா இருக்காது. எப்படியாவது ஒன்றையொன்று தொட்டுவிடப் பார்க்கும். எனக்கு மேல்முன்பற்கள் முன்பக்கமாகச் சாய்ந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன, கீழ்முன்பற்கள் நாக்குப் பக்கமாகப் படுத்துக் கிடக்கின்றன. நாக்கும் உதடும் வருஷக்கணக்கில் தள்ளித் தள்ளிச் செய்த வேலை அது. அதனால் வெளியே 3 மில்லிமீட்டர் கோணல்தான் தெரிகிறது, உள்ளே எலும்பில் இருப்பது அதைவிட நிறைய. இப்படியே ஆபரேஷன் செய்தால் பல்லோடு பல் முட்டியதும் தாடை நின்றுவிடும், முழுத் தூரமும் நகர்த்த முடியாது. அதனால் முதலில் கிளிப் போட்டு, சாய்ந்த பற்களையெல்லாம் அந்தந்த எலும்பின்மேல் நேராக நிமிர்த்த வேண்டும். மேலே இடம் வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக முன்கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும்.

"அப்ப கடி இன்னும் மோசமாகும்ல, மேடம்?"

"ஆகணும். ஆனாத்தான் நாங்க வேலைய ஒழுங்கா செய்யுறோம்னு அர்த்தம்."

எனக்கு உடனே புரியவில்லை. காசு கொடுத்து, வலியைத் தாங்கி, ஒன்றரை இரண்டு வருஷம் செலவழித்து முகத்தை இன்னும் கோணலாக்கிக்கொள்வதா? பஸ்ஸில் திரும்பும்போது அப்பாதான் சொன்னார். "தோள்ல ஒரு பக்கம் ஏத்தி வெட்டிட்டோம்னு வையி. அத மறைக்க தைக்கிறப்போ இங்கிட்டு கொஞ்சம் இழுத்து, அங்கிட்டு கொஞ்சம் விட்டு சமாளிச்சிருப்போம். அப்பறம் ஆல்ட்டர் பண்ண வந்தா, அந்தச் சமாளிப்பெல்லாம் பிரிச்சாத்தான் வெட்டு எங்க தப்புனு தெரியும். பிரிச்சுப் போட்ட சட்டை பாக்க கண்றாவியாத்தான் இருக்கும்." சொல்லிவிட்டு, கப்பலூர் வருவதற்குள் தூங்கிவிட்டார். அந்த அம்மையார் அரை மணி நேரம் பென்சிலும் கையுமாக விளக்கியதைவிட எனக்கு இதுதான் பதிந்தது.

பிரிச்சுப் போட்ட சட்டையாகத்தான் 20 மாதம் ஆபீசுக்குப் போய்வந்தேன்.

முதலில் மெல்லிய வட்டக் கம்பி, மாதம் ஒருமுறை கொஞ்சம் தடிமனாக, கடைசியில் செவ்வகக் கம்பி. புதுக் கம்பி மாட்டிய மூன்று நாள் இட்லி கடிப்பதே பெரும்பாடு, நாலாவது நாள் மறந்துவிடும். கன்னத்தில் குத்தும் இடத்தில் மெழுகை உருட்டி ஒட்டிக்கொள்வது, பல்லிடுக்கில் நுழைகிற குட்டி பிரஷ்ஷைப் பேனாவோடு சட்டைப்பையில் வைத்துக்கொள்வது, கீரை சாப்பிட்ட நாளில் யாரோடும் சிரிக்காமல் இருப்பது, இதெல்லாம் கிளிப் போட்ட எல்லாருக்கும் தெரிந்த கதை. வித்தியாசம் என்னவென்றால், மற்றவர்களுக்கு மாதாமாதம் பல் அழகாகும், எனக்கு ஆகாது. ரப்பரைக்கூட 15 வயதில் மாட்டியதற்கு நேர் எதிர்த்திசையில் மாட்டினேன், மேல் கோரைப்பல்லிலிருந்து கீழ்க் கடைவாய்க்கு. அன்றைக்குப் பின்னால் இழுத்ததை இன்றைக்கு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். எனக்கே சிரிப்பு வரும்.

எட்டாவது மாதம் தெரிய ஆரம்பித்தது. கீழுதடு முன்னால் வந்தது. மேலுதடு உள்ளே போனது. ஆபீசில் பக்கத்து சீட் அண்ணன் டீ குடிக்கும்போது நாசூக்காகக் கேட்டார். "தம்பி, தப்பா எடுத்துக்காத. கிளிப் போட்டதுக்கப்பறம் ஒரு மாதிரி... அந்த டாக்டர் நல்ல டாக்டரா?" பிரிச்சுத் தைக்கிற கதையை அவருக்குச் சொன்னேன். தலையாட்டினார், நம்பவில்லை. பதினாறாவது மாதம் அளந்தபோது 3 மில்லிமீட்டராக இருந்தது 8 ஆகியிருந்தது. கிளிப் டாக்டர் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டுப் பார்த்தேன். எதையும் முன்பல்லால் கடிக்க முடியாது என்பதோடு, எதைக் கடைவாயால் மென்றாலும் பாதி மெல்லாமலே உள்ளே போனது. சேமியா சாப்பிடுவதை விட்டுவிட்டேன். கல்யாண வீடுகளுக்கும் போகவில்லை. "வாயை மூடுப்பா, ரெடி" என்று போட்டோக்காரர் சொல்வதைக் கேட்கச் சகிக்கவில்லை. மூடித்தான் இருந்தது.

நடுவில் ஞானப்பல் பிடுங்கிய படலம் ஒன்று. கீழே இரண்டும் எலும்புக்குள் படுத்துக் கிடந்தன. கீழ்த்தாடையைப் பிளக்கும்போது வெட்டு அந்த வழியாகத்தான் போகும். ஆறு மாதமாவது முன்னால் எடுத்துக் குழி ஆறியிருந்தால்தான் எலும்பு சரியாகப் பிளக்கும், திருகாணி பிடிக்கவும் எலும்பு இருக்கும். ஒரு பக்கம் இருபது நிமிஷத்தில் வந்துவிட்டது. இன்னொரு பக்கம் ஒரு மணி நேரம். இனிமேல் வரப்போவதற்கு இது டிரெயிலர் என்றார் சர்ஜன். அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு, இடம் பொருள் பார்க்காது.

வீட்டில் பிரச்சினை வேறு மாதிரி வந்தது. எங்கள் கூடத்தில் அம்மாவின் அப்பா படம் மாலையோடு தொங்குகிறது. வைகையில் மணல் வண்டி ஓட்டியவர், நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். பக்கவாட்டில் திரும்பி நிற்பதுபோல் எடுத்த படம். அந்தத் தாவாங்கட்டை அப்படியே என்னுடையது. சின்ன வயதில் சொந்தக்காரர்கள் வந்தால் என்னைப் படத்துக்குக் கீழே நிறுத்திப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. ஆபரேஷன் தேதி முடிவான ராத்திரி, சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா மூஞ்சில என்ன கொறைய கண்டீங்க எல்லாரும்?"

எனக்குப் பதில் இல்லை. ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்துக்கே இந்தத் தாடை பரம்பரையாக வந்தது, 1700-இல் செத்துப்போன இரண்டாம் கார்லோஸ் ராஜாவுக்குச் சரியாக மெல்லவே முடியாதாம் என்று போனில் படம் காட்டினேன். அம்மா அந்த ஓவியத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "ராஜாவா? பாவம், யாரும் அரைச்சுக் குடுக்க ஆளில்ல போல." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்தது என்று நான் நினைத்தேன். மறுநாள் தாத்தா படத்துக் கண்ணாடியைத் துடைத்து, மாலையை மாற்றியிருந்தார். வெள்ளிக்கிழமைகூட இல்லை.

இன்ஷூரன்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும். பாலிசி எடுத்து நாலு வருஷம், ஒரு தவணை தவறியதில்லை. 'அழகு சிகிச்சை' என்று இரண்டே வரியில் மறுத்துவிட்டார்கள். நம் நாட்டுப் பாலிசிகளில் விலக்கு எண் 08 என்று ஒன்று உண்டு. அழகுக்காகச் செய்யும் அறுவைக்குப் பணம் கிடையாது, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைக்கவோ, உடலுக்கு நேரடியாக வரும் ஆபத்தை நீக்கவோ தேவை என்று டாக்டர் சான்று கொடுத்தால்தான் உண்டு. மெல்ல முடியாதது அவர்கள் கணக்கில் ஆபத்தில்லை. கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பவன் நான், ஊரார் பாலிசியையெல்லாம் வரி விலக்குக்காக வருஷாவருஷம் புரட்டுகிறேன், என் பாலிசியின் விலக்குப் பட்டியலை எடுக்கும்போது படிக்கவில்லை. மெல்ல முடியாத விவரம், அளவுகள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரும்போது வரட்டும். பணத்தை இப்போதைக்கு அம்மாவின் இரண்டு வளையல் பார்த்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்த நாள் ஒன்று உண்டு. கடைசிச் செவ்வகக் கம்பி போட்டு ஒரு மாதத்துக்கு மேல் எதையும் இழுக்காமல் விட்டிருந்தார்கள், பல் அசையாமல் நிலைக்கட்டும் என்று. அந்தக் கம்பியில் பல்லுக்கு நடுநடுவே சின்னச் சின்னக் கொக்கிகளை நசுக்கி மாட்டினார்கள். ஆபரேஷன் மேஜையில் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்துக் கட்டுவது அதில்தான், பிறகு ரப்பர் மாட்டுவதும் அதில்தான். வீட்டுக்கு வந்ததும் அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். "ஜாக்கெட் ஹூக்கு கணக்கா இருக்குடா." சிரித்தால் உதட்டின் உள்பக்கம் மாட்டிக்கொள்ளும், விரலால் எடுத்துவிட வேண்டும்.

கொக்கி மாட்டிய பிறகு அளவெடுக்கும் நாள். பேஸ்ட்டைக் குழைத்து வாயில் அப்பி மேலும் கீழும் அச்சு எடுத்தார்கள். பிறகு ஒரு கருவி. கவட்டை மாதிரி இரண்டு கரங்கள், நுனியைக் காதுக்குள் வைத்து நானே பிடித்துக்கொள்ள வேண்டும், நடுவில் இருந்து ஒரு தகடு வந்து மேல்பல்லில் கடிபடும். மண்டையோட்டுக்கும் மேல்தாடைக்கும் உள்ள கோணத்தை அப்படியே எடுத்துப் போய், கீல் வைத்த ஒரு இரும்புச் சட்டத்தில் என் பிளாஸ்டர் பற்களை ஏற்றுவதற்கு. இப்போதெல்லாம் சிடி ஸ்கேன் எடுத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே வெட்டிப் பார்க்கும் இடங்கள் நிறைய. இங்கே இன்னும் கை வேலை. எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. தையல்காரன் மகன், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்.

இரண்டு நாள் கழித்து மேல்படிப்பு படிக்கும் பிஜி டாக்டர் போன் செய்தார். "உங்க மாடல் சர்ஜரி இன்னைக்கு. பாக்கணும்னீங்களே." லேபில் அவருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். சட்டத்தில் வெள்ளைப் பிளாஸ்டரில் என் இரண்டு தாடையும் இருந்தன. மேல்தாடையின் அடிக்கட்டையில் நெடுக்குக் கோடும் படுக்கைக் கோடும் பென்சிலால் போட்டிருந்தார், நடு, கோரை, கடைவாய் ஒவ்வொன்றுக்கும் அளவு எழுதியிருந்தார். சின்ன ரம்பத்தை எடுத்துப் பிளாஸ்டரை அறுக்க ஆரம்பித்தார். மாவு மேஜையில் கொட்டியது. மேல்தாடை கழன்று கையில் வந்தது. அதை முன்னால் தள்ளி, ஸ்கேலால் அளந்து, "அஞ்சு" என்று சொல்லிச் சூடான மெழுகை ஊற்றி ஒட்டினார். மெழுகு ஆறும்வரை இருவரும் பேசவில்லை. இப்படி நகர்ந்த மேல்தாடைக்கும் பழைய கீழ்த்தாடைக்கும் நடுவே அக்ரிலிக்கில் ஒரு தகடு. அதன்பின் கீழ்த்தாடையையும் அறுத்து நகர்த்தி இன்னொரு தகடு. மேஜையில் எலும்பை வெட்டிய பிறகு எங்கே நிறுத்துவது என்று சர்ஜனுக்குச் சொல்வது இந்த இரண்டு தகடுகள்தான். பல்லின் குழிகள் பதிந்த, லாடம் மாதிரி வளைந்த பொருள். கடைசியாகச் சட்டத்தை மூடிக் காட்டினார். மேல்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால், 2 மில்லிமீட்டர்.

மேஜையில் கிடந்த ஒரு நூலை எடுத்து நடுவில் வைத்து, மூடச் சொல்லலாமா என்று தோன்றியது. கேட்க வெட்கமாக இருந்தது.

அந்த நாளின் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. மூன்றாம் நாள் பெரியம்மா வீட்டிலிருந்து வந்த தட்டையை, கடைவாயில்தானே என்று ஒன்றை மென்றேன். கீழே பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு பிராக்கெட் கழன்று கம்பியில் மணி மாதிரி ஆடியது. சாதாரண நாளில் ஒட்டிவிட்டால் போயிற்று. இப்போது தகடு செய்தாகிவிட்டது, ஒரு பல் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது உட்காராது. ஞாயிற்றுக்கிழமை. பிஜி டாக்டர் வந்து திறந்து, ஒட்டி, தகட்டைப் போட்டுப் பார்த்து, உட்காருகிறது என்றபோதுதான் அப்பா வெளியே போய் டீ குடித்தார். கிளிப் டாக்டர் மறுநாள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

சர்ஜனோடு கையெழுத்துக்கான பேச்சு ஒரு மணி நேரம் நடந்தது. கீழ்த்தாடையை மட்டும் 10 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால் போதாதா, ஒரு வெட்டோடு போகுமே என்று கேட்டேன். நாக்குக்குப் பின்னால் மூச்சுப்பாதை குறுகும், தூக்கத்தில் சிக்கல் வரலாம், தவிர என் மேல்தாடையும் நிஜமாகவே பின்னால்தான் இருக்கிறது என்றார். மேல்தாடை வெட்டுக்கு லெஃபோர்ட் என்று பெயர். அந்த பிரெஞ்சு டாக்டர் 1901-இல் பிணங்களின் மண்டையோட்டை அடித்து, முகம் எந்தெந்தக் கோட்டில் விரிசல் விடுகிறது என்று எழுதி வைத்தார். அடிபட்டால் உடையும் கோட்டை, சரிசெய்ய வெட்டும் கோடாகப் பின்னால் வந்தவர்கள் ஆக்கிக்கொண்டார்கள். கீழ்த்தாடையை வெளியே கத்தி படாமல் வாய்க்குள்ளேயே இரண்டு பக்கமும் நீளவாக்கில் பிளந்து, ஒன்றின்மேல் ஒன்று சறுக்கவிடும் முறையை ஒப்வெகெஸர் என்பவர் 1950களில் கொண்டு வந்தார். வெட்டிய இடங்களில் டைட்டானியத் தகடும் திருகாணியும். அவை உள்ளேயே இருக்கும்.

மயக்கக் குழாய் மூக்கு வழியாகப் போகும், வாயில்தான் வேலை நடக்கிறதே. அதற்காக மூக்கின் இரண்டு ஓட்டையிலும் விளக்கடித்துப் பார்த்தாகிவிட்டது. ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, ஒரு யூனிட் ரத்தத்துக்குத் தம்பியின் சிநேகிதன். மேல்தாடை முன்னால் வந்தால் மூக்கு லேசாக அகலும், அதைச் சுருக்க உள்ளே ஒரு தையல் போடுவார்கள். "நாங்களும் உங்க அப்பா தொழில்தான்" என்றார் சர்ஜன். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். ஆறு வாரத்துக்கு மெல்லக் கூடாது.

கடைசியில் கீழுதட்டு மரத்துப்போதல். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு, பிளக்கப்போகும் எலும்புக்கு உள்ளேதான் ஓடுகிறது. அதைத் தொடாமல் வேலை செய்தாலும் மரத்துப்போவது அநேகமாக நிச்சயம். பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். சிலருக்கு ஓரிடத்தில் நிரந்தரமாகவே நின்றுவிடும். பஞ்சால் உதட்டைத் தடவி இப்போதைய உணர்ச்சியைக் குறித்துக்கொண்டார்கள், பிறகு ஒப்பிடுவதற்கு. அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடத்தான் எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வலியைப் பற்றி ஆயிரம் யோசித்திருந்தேன். ரசம் உதட்டோரம் வழிந்தால் தெரியாமலே உட்கார்ந்திருப்பேன் என்பதை யோசித்திருக்கவில்லை.

பத்து நாளாக வீடு ஒத்திகை மேடை. அம்மாவுக்கு இருந்த ஒரே பயம் வாயைக் கம்பி போட்டுக் கட்டிவிடுவார்களா என்பதுதான். முன்பெல்லாம் ஆறு வாரம் அப்படித்தான் கட்டினார்கள், இப்போது டைட்டானியத் தகடு எலும்பைப் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் ரப்பர்தான் என்று தெரிந்ததும் மிக்ஸியை எடுத்துவிட்டார். இட்லியைச் சாம்பாரோடு அடித்தால் சுவர் பூசும் பதம் வருகிறது. இன்னும் வெந்நீர் விட்டு டீ வடிகட்டியில் வடித்தால் குடிக்கலாம், ஆனால் அது இட்லி என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கேழ்வரகுக் கஞ்சி சூட்டில் நன்றாக ஓடும், ஆறினால் ஊசிக்குழலில் சிக்கிக்கொள்ளும். பருப்புத் தண்ணியும் ஆட்டுக்கால் சூப்பும் முதல் வகுப்பில் தேறின. புண்ணில் எரியும் என்பதால் மிளகு இல்லாத ரசம் செய்து பார்த்தார். குடித்துவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜிகர்தண்டா தரலாமா என்று தம்பி சர்ஜனிடமே கேட்டான். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, மற்றபடி தாராளமாக என்றாராம். எப்படியும் சில கிலோ இறங்கும் என்பதால் இப்போதே ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். 58-லிருந்து 60 ஆகியிருக்கிறேன். இந்த வீட்டில் நான் எடை கூடியதை அம்மா யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை.

அப்பா இந்த ஒத்திகைகளில் தலையிடவில்லை. போன வாரம் ராத்திரி கடையைப் பூட்டிய பிறகும் உள்ளே விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு சட்டை தைத்துக்கொண்டிருந்தார். வீங்கின முகத்தில் பனியனைத் தலைவழியாக மாட்ட முடியாது, முன்பக்கம் திறக்கிற சட்டையாகக் கொண்டுவாருங்கள் என்று நர்ஸ் சொன்னதை நான் கேட்டு மறந்திருந்தேன். மெல்லிய பருத்தி, அரைக்கை, கழுத்து வீங்கினாலும் அழுத்தாதபடி காலர் பட்டி இல்லாமல். பட்டன் பெரியது, ஒரு கையில் சலைன் ஏறினாலும் மறுகையால் போடலாம். பக்கத்தில் காடாத் துணியில் வெட்டி ஓரம் அடித்த சின்னத் துண்டுகள் அடுக்கியிருந்தன. எண்ணினேன், 24. எதற்கு என்றேன். "ஒழுகும்னாங்கள்ல" என்றார், மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசிப் பட்டனை என்னிடம் தள்ளினார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஊசியைப் பிடித்தேன். நாலு ஓட்டையிலும் இரண்டு தடவை ஓட்டி, அடியில் சுற்றி, முடிச்சுப் போட்டேன். கத்திரி அவர் தொடைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதை எடுக்காமல் சட்டையை என் கையிலிருந்து வாங்கினார். இப்போதெல்லாம் யார் வாயைத் திறந்தாலும் பல்லைத்தான் பார்க்கிறேன், பார்த்தேன்: அப்பாவின் மேல்முன்பல்லில், சரியாக நடுவில், நாற்பது வருஷத்து நூல் அறுத்த ஒரு சின்னக் குழி. நூல் அதில் போய் உட்கார்ந்தது.

டிக்.

"ஒன்னு உடுத்திப் பாரு" என்றார்.